சுவிட்சைப் போடும் முன்பே முடிவாகிவிடும் கணக்கு: கிரைண்டிங் வீல் ஏன் வெடிக்கிறது?

கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கத்துச் செய்தித்தாள்களின் உள்பக்கத்தில் அவ்வப்போது நாலு வரிச் செய்தி ஒன்று வரும். பட்டறையில் கிரைண்டிங் வீல் உடைந்து தொழிலாளி படுகாயம், அல்லது பலி. செய்தியில் 'எதிர்பாராத விதமாக' என்ற சொல் தவறாமல் இருக்கும். படிப்பவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும். நேற்று வரை நன்றாக ஓடிய வீல் இன்றைக்கு மட்டும் ஏன் உடைந்தது? மட்டமான சரக்கா? விதியா?

பெரும்பாலான நேரங்களில் இரண்டும் இல்லை. எந்த மெஷினில் எந்த வீலை, எப்படி மாட்டினார்கள் என்பதிலேயே பாதி தீர்ந்துவிடுகிறது. மீதியை எந்தப் பக்கத்தில் தேய்த்தார்கள், எவ்வளவு இடைவெளி விட்டார்கள் என்பது தீர்மானிக்கிறது. எதிர்பார்த்திருக்கக்கூடிய விஷயத்தைத்தான் எதிர்பாராதது என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு சொல் விளக்கம் முதலில். நம் ஊரில் கிரைண்டர் என்றால் மாவாட்டுவதுதான் உடனே நினைவுக்கு வரும்; கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. இங்கே பேசுவது இரும்பைத் தேய்க்கும், அறுக்கும் கிரைண்டர். அரிவாளுக்குச் சாணை பிடிக்கிறவர் மிதித்துச் சுற்றும் கல்லும் இதே குடும்பம்தான். அது மிதிக்கிற வேகத்தில் சுற்றுகிறது, இது மோட்டார் வேகத்தில் சுற்றுகிறது. ஆபத்து முழுவதும் அந்த வேறுபாட்டில் இருக்கிறது.

வீல் ஒரே கல் அல்ல

பார்வைக்கு ஒரே கல்லாகத் தெரிந்தாலும் வீலுக்குள் மூன்று பொருள்கள் இருக்கின்றன.

1. மணிகள். இரும்பைச் சுரண்டுபவை இவைதான். இரும்பு, ஸ்டீலுக்கு அலுமினியம் ஆக்சைடு. வார்ப்பிரும்பு, கல், கார்பைடு முனை வைத்த லேத்து டூல் ஆகியவற்றுக்குச் சிலிக்கான் கார்பைடு. டூலுக்குச் சாணை பிடிக்கும் பச்சை வீல் இந்த இரண்டாவது வகை.

2. பிணைப்பு. மணிகளை ஒட்டிப் பிடித்திருக்கும் பசை. மேசையில் பொருத்தும் பெஞ்சு கிரைண்டர், தட்டைப் பரப்பைத் தேய்க்கும் சர்ஃபேஸ் கிரைண்டர் வீல்களில் பெரும்பாலும் பீங்கான் போலச் சுட்ட பிணைப்பு இருக்கும். கையில் பிடிக்கும் மெஷினின் டிஸ்க்கில் இருப்பது ரெசின், உள்ளே வலுவுக்குக் கண்ணாடி இழை வலை.

3. துளைகள். மணிகளுக்கு இடையே உள்ள வெற்றிடம். சுரண்டிய தூள் தங்கவும் சூடு வெளியேறவும் இந்த இடம் வேண்டும்.

பீங்கான் தட்டை மேலிருந்து அழுத்தினால் தாங்கும். இழுத்தாலோ தட்டினாலோ பிளந்துவிடும். சுட்ட வீலின் குணமும் அதுதான். சுற்றும்போது வீலுக்குள் நடப்பதோ முழுக்க முழுக்க இழுவை.

அந்த இழுவை எவ்வளவு? நான்கு இஞ்ச் டிஸ்க் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் விளிம்பில் உள்ள ஒரு கிராம் பொருள், சுமார் 6.7 கிலோ எடை தொங்கினால் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவு விசையோடு வெளியே பறக்கப் பார்க்கிறது. ஒரு கிராமுக்கே இந்தக் கதி. பிணைப்பு ஒன்றுதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது.

எந்த வேகம் முக்கியம்?

மெஷினின் தகட்டில் போட்டிருப்பது ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று. வீலை உடைப்பது விளிம்பு வேகம், அதாவது ஓரத்தில் உள்ள ஒரு புள்ளி ஒரு நொடிக்கு எத்தனை மீட்டர் ஓடுகிறது என்பது. கணக்கு எளியது: விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, 3.14 ஆலும் ஆர்பிஎம்மாலும் பெருக்கி, 60,000 ஆல் வகுக்க வேண்டும்.

8 இஞ்ச், அதாவது 200 மி.மீ. வீலை 2,850 ஆர்பிஎம் பெஞ்சு கிரைண்டரில் மாட்டினால் நொடிக்குச் சுமார் 30 மீட்டர் வருகிறது. சாதாரணச் சுட்ட வீல்களின் உச்ச வரம்பு 33 அல்லது 35 மீட்டர். வரம்புக்குள் இருக்கிறது, ஆனால் தாராளமாக இல்லை. ரெசின் டிஸ்க்குக்கு வழக்கமான வரம்பு 80 மீட்டர். மணிக்கு 288 கிலோமீட்டர் என்று மாற்றிச் சொன்னால் உடைந்த துண்டு எந்த வேகத்தில் வரும் என்பது புரியும்.

வேகம் இரண்டு மடங்கானால் வீலுக்குள் இழுவை நான்கு மடங்காகும் என்பதை மறக்கக் கூடாது. பழைய பெல்ட் மெஷின்களில் நடக்கும் ஒரு தவறு இதனால்தான் உயிரை வாங்குகிறது. படிப்படியாகப் பார்ப்போம்.

1. 300 மி.மீ. புது வீல், 2,000 ஆர்பிஎம். விளிம்பு வேகம் 31 மீட்டர். சரி.

2. வீல் தேய்ந்து 200 மி.மீ. ஆகிறது. ஆர்பிஎம் அதேதான், விளிம்பு வேகம் 21 மீட்டராகக் குறைகிறது. 'கல்லு வெட்டவே மாட்டேங்குதுங்க' என்ற புகார் வருகிறது.

3. புல்லியை மாற்றி 3,000 ஆர்பிஎம் ஆக்குகிறார்கள். மறுபடி 31 மீட்டர். வேலை நன்றாக நடக்கிறது. இதுவரை ஆபத்தில்லை.

4. வீல் முழுதும் தேய்ந்துபோகிறது. வேறு ஷிப்ட்டில் வேறு ஒருவர் புது 300 மி.மீ. வீலை மாட்டுகிறார். புல்லி மாற்றியது அவருக்குத் தெரியாது. விளிம்பு வேகம் 47 மீட்டர், இழுவை இரண்டேகால் மடங்கு. சுவிட்சைப் போடுகிறார்.

நாலாவது படியில் வீலை மாட்டிய அந்த ஆள் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனால் அடிபடுவது அவர்தான். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 30ஆம் பிரிவு இதற்காகவே எழுதப்பட்டது. ஒவ்வொரு கிரைண்டிங் மெஷின் அருகிலும் மூன்று விவரம் எழுதி மாட்டச் சொன்னது: வீலின் பாதுகாப்பான உச்ச விளிம்பு வேகம், ஸ்பிண்டில் (வீலை மாட்டும் தண்டு) வேகம், அந்த வேகத்துக்கு உரிய புல்லி விட்டம். புல்லி விட்டம் வரை ஏன் கேட்டார்கள் என்பது மேலே சொன்ன கணக்கைப் போட்டவர்களுக்குப் புரியும். இன்று புல்லியின் இடத்தில் மோட்டார் வேகத்தை மாற்றும் மின்னணு டிரைவ் வந்திருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் மோட்டாரை 60 ஹெர்ட்ஸில் ஓட்டினால் அதே 8 இஞ்ச் வீல் கிட்டத்தட்ட 36 மீட்டருக்குப் போய்விடும். ஒரு பட்டனை அமுக்கினால் போதும், வெளியே எந்த அடையாளமும் தெரியாது.

லேபிள் சொல்வது என்ன?

வீலின் மேல் 'ஏ 60 கே 5 வி' என்பது போல ஒரு வரி இருக்கும். ஏ என்றால் அலுமினியம் ஆக்சைடு, சி என்றால் சிலிக்கான் கார்பைடு. 60 என்பது மணியின் அளவு. எண் கூடக் கூட மணி பொடியாகும். கே என்பது பிணைப்பின் பிடி, ஆங்கில அகரவரிசையில் பின்னால் போகப் போகப் பிடி இறுகும். 5 என்பது மணிகள் எவ்வளவு நெருக்கம் என்பது. வி என்றால் சுட்ட பிணைப்பு, பி என்றால் ரெசின்.

பிடி பற்றிப் பலரும் தலைகீழாக நினைக்கிறார்கள். கடினமான ஸ்டீலுக்குப் பிடி தளர்ந்த வீல்தான் வேண்டும். கடின ஸ்டீலில் மணியின் முனை சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய மணி உதிர்ந்தால்தான் அடியிலுள்ள கூர் மணி வெளியே வரும். இறுகப் பிடித்த வீலில் மழுங்கிய மணி உதிராமல் அங்கேயே உட்கார்ந்து தேய்க்கும், சூடு ஏறும், ஆள் இன்னும் அழுத்துவார். தவறான வீல் வாங்கினால் தரம் கெடும் என்பதோடு கதை முடிவதில்லை, அது ஆளை அழுத்த வைக்கிறது.

ரெசின் டிஸ்க்கில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: நடு ஓட்டையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் காலாவதி மாதமும் ஆண்டும் அடித்திருக்கும். செய்த நாளிலிருந்து மூன்று ஆண்டு என்பது வழக்கம். ரெசின் ஈரத்தில் வலுவிழக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்றும் சாரலும் வரும் ஆனி, ஆடி மாதங்களில் பொள்ளாச்சிப் பக்கத்துப் பட்டறைகளில் ஓட்டின் கீழ் அட்டைப்பெட்டி நமத்துப்போவதைப் பார்க்கலாம். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க்கும் நமத்துத்தான் போகிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை. தரையில் வைக்காமல், ஈரமில்லாத அலமாரியில், மெல்லிய டிஸ்க்குகளைச் சமதளத்தில் படுக்க வைத்து, பழையதை முதலில் எடுக்கும்படி அடுக்குவது நல்லது.

மாட்டுவது

சுட்ட வீலுக்கு முதல் சோதனை காது. வீலைத் துடைத்து, நடு ஓட்டையில் விரலோ சின்னக் கம்பியோ விட்டுத் தொங்கவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் மெதுவாகத் தட்ட வேண்டும். நேர் மேலும் கீழும் விட்டுவிட்டு, சற்றுச் சாய்வான இடத்தில், ஓரத்திலிருந்து ஓரிரு இஞ்ச் உள்ளே. கோயில் மணி போல் இல்லாவிட்டாலும் தெளிவான ஓசை வர வேண்டும். விரிசல் உள்ள வீல் உடைந்த மண்பானை போலச் சத்தமடைத்து ஒலிக்கும். சந்தையில் பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்த்த பழக்கம் நம் வீடுகளில் இருந்தது, அதே அறிவுதான். ரெசின் வீல் இயல்பிலேயே மந்தமாக ஒலிக்கும் என்பதால் இந்தச் சோதனையை அதற்கு நம்பக் கூடாது. ஈரமான வீலுக்கும் அப்படியே.

அடுத்து பொருத்தம்:

1. ஸ்பிண்டிலில் வீல் தானாக வழுக்கி உட்கார வேண்டும். இறுக்கமாக இருந்தால் தட்டி ஏற்றக் கூடாது, ஓட்டையைக் குடைந்து பெரிதாக்கவும் கூடாது. ஓட்டையின் ஓரத்தில்தான் இழுவை அதிகம். அங்கே ஒரு கீறல் விழுந்தாலும் பிளவு அங்கிருந்தே கிளம்பும்.

2. இரண்டு பக்கமும் ஃபிளாஞ்ச், அதாவது வீலை அணைத்துப் பிடிக்கும் இரும்பு வட்டத்தட்டு வேண்டும். இரண்டும் ஒரே விட்டம், குறைந்தது வீல் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு பக்கம் பெரிதும் மறுபக்கம் சின்ன வாஷருமாக மாட்டினால் இறுக்கும்போதே வீல் வளைகிறது. பீங்கான் வளையாது, வெடிப்பு விடும்.

3. வீலோடு ஒட்டி வரும் காகித வட்டத்தைக் கிழித்து எறியக் கூடாது. விளம்பரத்துக்காக ஒட்டியது என்றே பலரும் நினைக்கிறார்கள். வீலின் மேடுபள்ளத்துக்கும் ஃபிளாஞ்சின் இரும்புக்கும் நடுவில் மெத்தையாக இருந்து அழுத்தத்தைப் பரவச் செய்வது அந்தக் காகிதம்தான். விலையில்லாத பொருள் என்பதால் மதிப்பில்லாத பொருளாகப் போய்விட்டது.

4. நட்டு, வீல் நழுவாத அளவுக்கு இறுகினால் போதும். ஸ்பேனரில் பைப் மாட்டி முறுக்குவது வீலை நசுக்கும் வேலை. பெஞ்சு கிரைண்டரில் இடப்பக்க ஸ்பிண்டிலுக்கு இடது மரை, வலப்பக்கத்துக்கு வலது மரை. ஓடும்போது நட்டு தளராமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது.

5. வீலை மூடும் காப்பான கார்டை மாட்டிய பிறகு, ஆள் பக்கவாட்டில் விலகி நின்று, வேலை எதுவும் கொடுக்காமல் முழு வேகத்தில் ஒரு நிமிடம் ஓடவிட வேண்டும். உள்ளே குறை இருந்தால் பெரும்பாலும் அந்த ஒரு நிமிடத்துக்குள் வெளிப்படும். வீல் எந்தத் தளத்தில் சுற்றுகிறதோ அந்தத் தளத்தில்தான் துண்டு பறக்கும். எனவே நேர் எதிரே யாரும் நிற்கக் கூடாது, டீ கொண்டு வரும் பையன் உட்பட.

பொருளைத் தாங்கி வைக்கும் டூல் ரெஸ்ட்டுக்கும் வீலுக்கும் இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. மேலே உள்ள தடுப்பு நாக்குக்கு 6 மி.மீ. வீல் தேயத் தேய இடைவெளி தானாக விரியும் என்பதால் மறுபடி மறுபடி தள்ளி வைக்க வேண்டும், அதையும் மெஷினை நிறுத்திவிட்டு. விரிந்த சந்தில் பொருள் இறங்கிச் சிக்கிக்கொள்வதுதான் பெஞ்சு கிரைண்டரில் வீல் உடையும் வழக்கமான வழி. வீலோடு பொருளும் விரலும் சேர்ந்து போகும். கிரைண்டிங் வீல்களைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவதற்கென்றே ஐஎஸ் 1991 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. பட்டறை வைத்திருப்பவர் ஒருமுறையாவது அதைப் படிக்க வேண்டும்.

ஏஜி4: எல்லார் கையிலும் இருக்கும் மெஷின்

கோவை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையிலிருந்து திருச்செங்கோட்டு ரிக் பட்டறை வரை, நாமக்கல் லாரி பாடி கட்டும் ஷெட்டிலிருந்து தெருமுனை கேட் வெல்டிங் கடை வரை ஏஜி4, அதாவது நான்கு இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர், இல்லாத இடம் இல்லை. பெரிய மெஷினைவிட இதை நான் அதிகம் அஞ்சுகிறேன். இது கையில் பிடிப்பது, முகத்துக்கு ஓரடி தூரத்தில் சுற்றுவது, கார்டைக் கழற்ற ஒரு நிமிடம்கூட ஆகாதது.

நான்கு இஞ்ச் டிஸ்க்கில் சுமார் 15,300 ஆர்பிஎம் வரை என்று போட்டிருக்கும். ஐந்து இஞ்சுக்கு 12,200. ஏழு இஞ்சுக்கு 8,500. மெஷினின் ஆர்பிஎம் எப்போதும் டிஸ்க்கின் எண்ணைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இந்த ஒரு ஒப்பீட்டுக்குப் பள்ளிக்கூடப் படிப்புகூட வேண்டியதில்லை, இரண்டு எண்களைப் பார்த்தால் போதும்.

இப்போது 11,000 ஆர்பிஎம் மெஷினில் மூன்று மாற்று வேலைகளைப் பார்ப்போம்.

ஏழு இஞ்ச் டிஸ்க்: விளிம்பு வேகம் 103 மீட்டருக்கு மேல். 80 மீட்டருக்குச் செய்த பொருளுக்குள் கிட்டத்தட்ட 68 சதவீதம் கூடுதல் இழுவை. கார்டும் கிடையாது. இதைச் செய்யவே கூடாது என்பதில் விவாதத்துக்கே இடமில்லை.

ஐந்து இஞ்ச் டிஸ்க்: எண்ணைப் பார்த்தால் 11,000 சரியாக வருகிறது. 'பாருங்க, லேபிள்லயே 12,200 போட்டிருக்குதுங்களே' என்று கேட்பவர் கேட்பது நியாயமான கேள்வி. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நாலு இஞ்ச் கார்டுக்குள் ஐந்து இஞ்ச் போகாது, அதனால் கார்டைக் கழற்றுகிறார்கள். நடு ஓட்டையும் 16 மி.மீ. அல்ல, 22 மி.மீ. சொச்சம், புஷ் செருகி மாட்டினால் நடு விலகும், ஃபிளாஞ்சும் போதாது. வேகம் சரியாக இருந்தும் மாட்டியது தவறு.

மரம் அறுக்கும் பல் பிளேடு: இது கிரைண்டிங் வீலே அல்ல. பல் மரத்தில் கடித்த நொடியில் மெஷின் கையை மீறித் திரும்பும். பல் டிஸ்க் வெட்டும் காயம் தையல் போடக்கூட இடம் விடாது. மரத்துக்கு மரம் அறுக்கும் மெஷின் இருக்கிறது.

கட்டிங் டிஸ்க் பற்றித் தனியாக. அது விளிம்பால் மட்டும் அறுக்கச் செய்த மெல்லிய தகடு. அறுத்த பிசிறைத் தேய்க்க அதையே சாய்த்துப் பக்கவாட்டில் அழுத்துவது நம் பட்டறைகளில் தினமும் நடப்பது. டிஸ்க் மாற்ற ஒரு நிமிடம் ஆகும் என்பதுதான் காரணம். ஓரிரு முறை தாங்கும், அந்தத் தாங்கல்தான் பழக்கத்தை வளர்க்கிறது. உள்ளே வலை அறுந்துகொண்டே வரும். தேய்ப்பதற்கு நடு குழிந்த தடித்த டிஸ்க்கை, கிடைமட்டத்திலிருந்து 15 முதல் 30 டிகிரி சாய்வில் பிடிக்க வேண்டும்.

அறுக்கும்போது டிஸ்க் ஏன் சிக்குகிறது? நீளமான ஆங்கிள் இரும்பை இரண்டு முனையிலும் முட்டுக் கொடுத்து நடுவில் அறுத்தால், அறுபடும்போது இரும்பு கீழே தொய்ந்து வாய் மூடிக்கொள்ளும். டிஸ்க்கை இரும்பு கடித்துக்கொள்ளும், மெஷின் ஆளை நோக்கி எகிறும். அறுக்கும் இடம் முட்டுக்கு வெளியே தொங்கும்படி வைத்தால் வாய் திறந்துகொண்டே போகும். இரண்டு கைப்பிடியும் வேண்டும் என்பது இந்த எகிறலுக்காகத்தான்.

மின்வெட்டையும் இங்கே சொல்லியாக வேண்டும். சுவிட்சை லாக் செய்து ஓடிக்கொண்டிருக்கையில் கரண்ட் போகிறது. மெஷினைக் கீழே வைத்துவிட்டு ஆள் வெளியே போகிறார். கரண்ட் வரும்போது மெஷின் தானே ஓடத் தொடங்கித் தரையில் துள்ளும். கரண்ட் போன உடனே பிளக்கைப் பிடுங்கும் பழக்கம் வர வேண்டும்.

ஓட்டும்போதும் பிறகும்

காலையில் குளிர்ந்த வீலில் முதல் வேலையை மெதுவாகக் கொடுத்துச் சூடேற்ற வேண்டும். பெஞ்சு வீலின் பக்கவாட்டில் தேய்க்கக் கூடாது. தொளதொள கையுறை, தொங்கும் துண்டு, நீளக்கை இவை வீலுக்கு அருகில் வரக் கூடாது. சின்னப் பொருளைத் துணியால் சுற்றிப் பிடிப்பதும் கூடாது. கண்ணாடி கட்டாயம். முழு முகமூடி கண்ணாடிக்கு மேல் போடுவது, அதற்குப் பதிலாக அல்ல.

அலுமினியம், பித்தளையைச் சாதாரண வீலில் தேய்ப்பது தனி ஆபத்து. மென்மையான உலோகம் துளைகளில் அப்பிக்கொள்ளும், சூடானால் வீலைவிட அதிகம் விரிந்து ஆப்பு போல உள்ளிருந்து பிளக்கும். மோட்டார் பாடி, பம்ப் உதிரி என்று அலுமினிய வார்ப்பு நம் பகுதியில் ஏராளம். அதற்கென உள்ள வீலையே வைக்க வேண்டும். அலுமினியத் தூசி தீப்பிடிப்பது, காற்றில் மிதந்தால் வெடிப்பது. இரும்பின் தீப்பொறி விழும் மெஷினிலேயே அதையும் தேய்த்துத் தூசியைச் சேரவிடக் கூடாது.

வீலின் முகம் கண்ணாடி போல மினுங்கினால் மணி மழுங்கிவிட்டது, உலோகத் திட்டுகள் தெரிந்தால் துளை அடைத்துவிட்டது. இரண்டுக்கும் மருந்து, வீலின் முகத்தைச் சுரண்டிப் புதுப்பிக்கும் டிரஸ்ஸர். பெஞ்சு கிரைண்டருக்கு நட்சத்திரச் சக்கர டிரஸ்ஸர், சர்ஃபேஸ் கிரைண்டருக்கு வைர முனை. டிரஸ் செய்தால் வீல் தேய்ந்து வீணாகும் என்று தள்ளிப்போடுபவர்கள் உண்டு. மழுங்கிய வீலில் அழுத்தித் தேய்ப்பதால் போகும் கரண்டும் நேரமும் அந்தத் தேய்மானத்தைவிட அதிகம்.

கூலண்ட் (குளிர்விக்கும் நீர்) ஓடும் மெஷினில் நிறுத்தும் வரிசை முக்கியம். முதலில் கூலண்டை அடைத்து, வீலைச் சற்று நேரம் வெறுமனே ஓடவிட்டு, உறிஞ்சிய நீரை உதறவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். இல்லையென்றால் இரவெல்லாம் நீர் வீலின் அடிப்பாதியில் இறங்கிவிடும். மறுநாள் காலை அது ஒருபக்கம் கனத்த வீல். சுவிட்சைப் போட்டதும் மெஷின் அதிரும்.

தூசி வீலிலிருந்து மட்டும் வருவதில்லை

பவுண்டரியின் பெட்லிங் ஷாப்பில் வார்ப்பைச் சுத்தம் செய்பவர் தேய்ப்பது இரும்பை மட்டும் அல்ல, அதில் கருகி ஒட்டிய மணலையும்தான். மணல் சிலிக்கா. அதன் நுண்தூசி நுரையீரலில் தழும்பு ஏற்படுத்தும் நோய் சிலிக்கோசிஸ். அந்தத் தழும்பை ஆற்றும் மருந்து இல்லை. மூக்கில் கட்டும் துண்டு பெரிய துகளைத் தடுக்கும், நோய் தரும் நுண்துகளைத் தடுக்காது. தூசி உறிஞ்சும் குழாயும் என்95 தர முகக்கவசமும் முதலாளி வாங்கித் தர வேண்டியவை. வீல் உடைந்தால் அன்றே செய்தி வரும். இது பத்திருபது ஆண்டு கழித்து இருமலாக வரும், எந்தப் பத்திரிகையிலும் வராது.

கழித்த வீலை என்ன செய்வது?

கீழே விழுந்த வீல், சோதனையில் மந்தமாக ஒலித்த வீல், காலாவதியான டிஸ்க் எல்லாம் பெரும்பாலும் மூலையில் ஒரு பக்கெட்டில் சேர்கின்றன. சனிக்கிழமை மாலை, புது வீல் தீர்ந்த நேரத்தில், அவசர வேலைக்கு யாரோ ஒருவர் அந்தப் பக்கெட்டில் கை விடுகிறார். தேய்ந்து நாலு இஞ்ச் ஆகிவிட்ட பழைய ஏழு இஞ்ச் டிஸ்க் ஒன்று கிடைக்கிறது. அளவு பார்வைக்குச் சரியாகத் தெரிகிறது. ஆனால் அதன் ஓட்டை 22 மி.மீ., போட்டிருந்த எண் 8,500. லேபிளோ எப்போதோ தேய்ந்து போய்விட்டது. ஆகவே கழிக்கும் வீலைக் கழிக்கும் அன்றே சுத்தியலால் இரண்டாக உடைத்துத்தான் பக்கெட்டில் போட வேண்டும்.